ஜெபிக்க முடியாத நாட்களில் விசுவாசத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் புதன்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபிக்கிறோம். நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவள், கணவர் புதுச்சேரிக் கத்தோலிக்கர், வருகிறவர்களில் பெந்தெகொஸ்தே சபைக்காரர்களும் உண்டு. ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும், அதுவும் எல்லோர் முன்னாலும் வராது, டம்ளரைக் கழுவி வைக்கிற சாக்கில் சமையலறைக்குள் வந்து மெதுவாகக் கேட்பார்கள். ஒருவர் கேட்டதையே அடுத்த மாதம் இன்னொருவர் வந்து, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு கேட்பார். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை, வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வேதத்தில் படித்ததையும் வாழ்ந்து பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வாயே வரவில்லை. விசுவாசம் போய்விட்டதா?

போகவில்லை. போயிருந்தால் இந்தக் கேள்வி உங்களை இப்படி உறுத்தாது.

என் அப்பா இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் எனக்கும் இப்படித்தான் இருந்தது. முழங்கால் போடுவேன், "பிதாவே" என்பேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கோபம்தான் வரும். கோபத்தோடு கடவுளிடம் பேசக் கூடாது என்று யாரோ சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதனால் பேசாமலே எழுந்துவிடுவேன். அப்படிப் பேசாமல் எழுந்ததுதான் தவறு, கோபம் தவறில்லை என்று பிறகுதான் புரிந்தது.

சங்கீதப் புத்தகத்தில் 150 சங்கீதங்கள் இருக்கின்றன, அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று புலம்பலும் முறையீடும்தான். 13-ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பிலேயே "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கேட்கிறது. மொத்தம் ஆறே வசனம். 88-ஆம் சங்கீதம் இன்னும் கனமானது, கடைசி வசனம் வரை வெளிச்சமே வராது, இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடியும். இவற்றைப் பரிசுத்த வேதத்துக்குள் ஏன் வைத்திருக்கிறார்கள்? இதுவும் ஜெபம்தான் என்பதால் வைத்திருக்கிறார்கள். வீட்டில் கோபம் வந்தால் கத்துகிற பிள்ளையைவிட, பேச்சையே நிறுத்திவிட்டுத் தட்டை நகர்த்துகிற பிள்ளையைப் பார்த்துத்தானே அம்மாவுக்கு அதிகம் பயம் வரும்? எனவே சண்டை போடுங்கள், ஆனால் பேச்சை விடாதீர்கள்.

அதுவும் முடியாத நாளில் ரோமர் 8:26 இருக்கிறது, நமக்கு எப்படி வேண்டிக்கொள்வதென்று தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதுகிறார். அந்த வருடம் முழுக்க நான் விட்டது பெருமூச்சு மட்டும்தான், அது கணக்கில் வந்திருக்கிறது என்று இப்போது நம்புகிறேன்.

எதுவுமே உணர முடியவில்லை. மற்றவர்கள் ஆராதனையில் அழுகிறார்கள், எனக்கு ஒன்றும் வருவதில்லை.

அன்னை தெரசா தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-ல் புத்தகமாக வந்தன. அவற்றிலிருந்துதான் உலகத்துக்கே தெரிந்தது, பல பத்தாண்டுகளாகக் கடவுளின் அருகாமையை உணராமலே அவர் தினமும் காலையில் எழுந்து ஜெபித்து, அதே கையோடு வேலைக்கும் போயிருக்கிறார். 2016-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். உணர்வு வந்தால் நல்லது, நன்றி சொல்லுங்கள். வராவிட்டால் அதைத் துரத்திக்கொண்டு வாராவாரம் வேறு வேறு கூட்டத்துக்கு ஓட வேண்டாம்.

உபவாசம் இருந்து கேட்டும் கிடைக்கவில்லை. எனக்கு விசுவாசம் போதவில்லையா?

வேலைக்காக, குழந்தைக்காக, அம்மாவின் புற்றுநோய் சரியாக வேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்தில் யாராவது ஒருவர் "நீ முழு விசுவாசத்தோடு கேட்டிருந்தால் நடந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு வரி செய்கிற சேதம் கொஞ்சமில்லை. ஏற்கெனவே நொந்து போனவர் மேல் குற்றத்தையும் தூக்கி வைக்கிறது.

பவுல் தம் சரீரத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை வேண்டினார், முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் இயேசுவே இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வார்களா? பிள்ளைக்காகக் கெஞ்சி நின்ற ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுததாக மாற்கு 9-ல் இருக்கிறது. பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். அந்தப் பாதியோடுதான் வந்தான், அவன் பிள்ளை சுகமாயிற்று.

ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை? எனக்குப் பதில் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சுனாமி, புயல், வெள்ளம் என்று நம் ஊருக்கே ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இது பாவத்துக்குத் தண்டனையா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்தபோது சிலர் கோயிலில் இருந்தார்கள், சிலர் கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் உதவி என்ற பெயரில் வந்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமே இது கடவுளின் தண்டனை என்று பேசியவர்களை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

இயேசுவிடமே இப்படிப்பட்ட பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13-ல் இருக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் அதே பதில்தான். அதற்கு மேல் தண்டனை என்று பேச நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் கொஞ்சம் முந்திரித் தோப்பு இருந்தது, வரப்போரம் தாத்தா வைத்த நாலு பலா மரம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது, விடிந்து போய்ப் பார்த்தால் தோப்பில் நின்றிருந்த மரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பலா நாலும் வேரோடு சாய்ந்து கிடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி முழுக்க இதே கதிதான், எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வரவே மூன்று நான்கு வருடம் ஆகும். அப்பா அழவில்லை, ஜெபத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. விழுந்த மரத்தை விறகுக்குப் போட்டுவிட்டு அடுத்த மழைக்குக் கன்று வைத்தார். அந்தக் கன்று காய்ப்பதற்குள் போய்விட்டார். நான் ஒரு வருடம் பேசாமல் இருந்தேன் என்று மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

ஏன் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. யோபுவுக்கும் கடைசி வரை காரணம் சொல்லப்படவில்லை. அவனுடைய நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்ததுதான், வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்தபோது எங்கள் கூட்டத்துப் பெண்கள் யாரும் விளக்கம் சொல்லப் போகவில்லை, இரண்டு அண்டா கிச்சடி செய்து தூக்கிக்கொண்டு போனோம். போன இடத்தில் ஒரு பாட்டி எங்களுக்காக ஜெபித்தார்.

வாரத் தவணை கட்டவே பணம் இல்லை. காணிக்கை கொடுத்தால் இரட்டிப்பாக வரும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொடுக்கலாமா?

கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

எனக்கு நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருவர், வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பேச்சைக் கேட்டுக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துக் காணிக்கை போட்டார். நகை மூழ்கிப் போனது. அதன் பிறகு சபைப் பக்கமே அவர் வருவதில்லை, அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஏழை விதவையின் இரண்டு காசை எல்லோரும் பிரசங்கம் பண்ணுகிறார்கள். லூக்காவில் அதற்குச் சற்று முன்னால், 20-ஆம் அதிகாரத்தின் கடைசியில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார், அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மாற்கு 7-ல் இன்னும் நேராகவே சொல்கிறார்: பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழிப்பது தேவனுடைய கட்டளையை அவமாக்குவது. பிள்ளையின் ஃபீஸ், மாமியாரின் மாத்திரை, வாங்கிய கடன் இவையெல்லாம் கடவுளுக்கு முன்னால் உள்ள பொறுப்புகள்தான். கொடுக்க முடிகிற காலத்தில் மனமாரக் கொடுங்கள்.

கடனைப் பற்றி ஒன்று: மறைக்காதீர்கள். ஒரு குழுக் கடனை அடைக்க இன்னொரு குழுவில் வாங்கி, அதை அடைக்க மூன்றாவதில் வாங்கி, வீட்டுக்காரருக்கும் தெரியாமல் ஒரு பெண் எத்தனை நாள் தனியாகச் சுமக்க முடியும்? தூக்கம் போகிறது, அப்புறம் ஜெபமும் போகிறது. வீட்டில் சொல்லுங்கள், நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லுங்கள். இந்தக் குழுக் கடன் மாதிரியான நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது, மிரட்டுவதும் அசிங்கமாகப் பேசுவதும் கூடாது. இது தெரியாமலே பலர் பயந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஜெபித்தால் போதாதா என்று சபையில் கேட்கிறார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

1 ராஜாக்கள் 19-ஐ எடுத்துப் படியுங்கள். எலியா பெரிய தீர்க்கதரிசி, முந்தின அதிகாரத்தில்தான் வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே", என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கடவுள் அவனைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் காட்டி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான், அதற்கும் விட்டார். இரண்டாம் முறையும் சாப்பாடுதான், பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியன் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகவே முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம், இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் போல இருந்தால் தயவுசெய்து விடியும் வரை காத்திருக்காதீர்கள், இப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் எழுப்புங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், யார் சொன்னாலும் சரி.

வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். சிலுவையைச் சுமக்கத்தான் வேண்டும் என்கிறார்கள்.

இயேசு சொன்ன சிலுவை அவரைப் பின்பற்றுவதால் வருவது. குடித்துவிட்டு ஒருவர் ஓங்குகிற கை அந்தச் சிலுவை ஆகாது. அவருக்காக ஜெபிக்கலாம், மன்னிக்கவும் செய்யலாம், ஆனால் பத்திரமான இடத்துக்குப் போன பிறகு செய்யுங்கள். அம்மா வீடோ அக்கா வீடோ, முதலில் அங்கே போங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். குடியை விட விரும்புகிறவர்களுக்குச் சிகிச்சை இருக்கிறது, ஆனால் அந்த விருப்பம் அவரிடமிருந்து வர வேண்டும், உங்கள் முதுகைக் கொடுத்து அதை வாங்க முடியாது.

சபைக்குள்ளேயே சாதி பார்க்கிறார்கள். அங்கே போய் என்ன ஜெபிப்பது?

நியாயமான கோபம். இதைச் சமாதானம் சொல்லி மூடப் போவதில்லை.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. புதுச்சேரியில் சம்பா கோவில் என்று நாம் சொல்கிற இடத்தில், இப்போதைய பேராலயத்துக்கு முன்னிருந்த கோயிலுக்குள் குறுக்கே ஒரு சுவர் இருந்தது, ஒடுக்கப்பட்ட மக்கள் அதற்கு ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று அந்த மக்களே திரண்டு போய்ப் பெரிய குருவிடம் கேட்டார்கள், அவர்கள் சொல்வது சரி என்று அவர் சுவரை இடிக்க வைத்தார். 1745-ல் நடந்தது, அந்தக் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களோடு வேலை செய்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை, சாதியும் போகவில்லை, எத்தனையோ ஊரில் கல்லறையில்கூடத் தனி இடம் இன்னும் இருக்கிறது.

இந்தக் கதையில் நான் பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான். ஒதுக்கப்பட்டவர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே விசுவாசத்தை விடாமல் வைத்திருந்தார்கள், அந்த விசுவாசத்தை வைத்தே கேள்வியும் கேட்டார்கள். உங்களால் உள்ளே இருந்து கேட்க முடிந்தால் கேளுங்கள். முடியவில்லை, தினம் தினம் நோகிறது என்றால் வேறு சபைக்குப் போங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் தனியாகவே இருந்துவிடாதீர்கள், ஜெபிக்க இரண்டு பேராவது கூட இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். ஆராதனைக்கே போக முடியவில்லை.

என் கணவர் சிப்காட்டில் வேலை செய்கிறார், நைட் ஷிப்ட் முடித்து வந்தால் ஞாயிறு காலை கண் திறக்காது. சனி சாயங்காலத் திருப்பலிக்குப் போவார், அதுவும் முடியாவிட்டால் புதன்கிழமை எங்களோடு உட்காருவார். பஸ்ஸில் போகும்போது பரமண்டல ஜெபத்தை ஒரு முறை நிதானமாகச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. போதும்.

காலேஜ் போன பையன் கோயிலுக்கு வர மாட்டேன் என்கிறான்.

வலிக்கும், தெரியும். மிரட்டியோ சோற்றை வைத்துப் பேரம் பேசியோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள், வீட்டை விட்டுப் போகிற அன்று அவன் எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுவான். அவன் கேட்கிற கேள்வியைக் கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், பிள்ளைகள் அதை மதிக்கிறார்கள். இரவு ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், ஆனால் அவன் காதில் விழ வேண்டும் என்பதற்காகச் சத்தமாக வேண்டாம்.

நான் எல்லாவற்றையும் விட்டுப் பல வருடம் ஆகிறது. இனி எந்த முகத்தோடு திரும்பி வருவது?

பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவன் அன்று ராத்திரி குளிர்காய்ந்துகொண்டிருந்தது கரிநெருப்பில் என்று யோவான் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு 21-ஆம் அதிகாரத்தில் பேதுரு பழைய தொழிலுக்கே திரும்பி, இரா முழுவதும் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் கரைக்கு வருகிறான், வெறும் வலையோடு கரை திரும்புகிற காலையை நம் கடற்கரை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரையில் ஒருவர் நிற்கிறார், புசிக்க ஏதாவது இருக்கிறதா பிள்ளைகளே என்று கேட்கிறார், வலையை வலது பக்கம் போடச் சொல்கிறார், 153 பெரிய மீன் கிடைக்கிறது. கரையேறிப் பார்த்தால் அங்கேயும் கரிநெருப்பு போட்டிருக்கிறது. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அந்த நெருப்பைப் பார்த்ததும் பேதுருவுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். இயேசு விசாரணையில் ஆரம்பிக்கவில்லை. முதலில் சாப்பிட வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார், மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை.

சரி, இன்று ராத்திரி எதிலிருந்து ஆரம்பிப்பது?

13-ஆம் சங்கீதத்திலிருந்து. ஆறு வசனம்தான், சத்தமாகப் படியுங்கள், நடுவில் உங்கள் சொந்த வழக்கு ஏதாவது வாயில் வந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். நாளைக்கு மாற்கு சுவிசேஷத்தில் முதல் அதிகாரம். நாளுக்கு ஒன்று என்று போனால் 16 நாளில் முடிந்துவிடும், நடுவில் இரண்டு நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். படித்துவிட்டு, சாப்பிடவில்லை என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துத் தூங்குங்கள்.